யந்திரத்தின் மறதியும் மனிதனின் கடமையும்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றைப் பற்றித் தென்காசிச் சீமையில் வாழ்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குற்றாலத்தில் சாரலாய்த் தூவும் அக்காற்றே, கிழக்கே செல்லச் செல்ல ஈரம் வற்றி, காற்றாலைகளைச் சுழற்றும் வலிமை பெறுகின்றது. அப்பருவத்தில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுதலும், மின்சாரம் ஒரு நொடி போய் மறு நொடி வருதலும் நாம் பழகிய காரியங்களே. வீட்டில் விளக்கணைந்து மீண்டும் எரியுமாயின் அதனால் நமக்குப் பெரு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஒரு நொடியில் தமக்குக் கற்பிக்கப்பட்ட அனைத்தையும் மறந்து, அன்று பிறந்த குழந்தையைப்போல் விழிக்கக்கூடிய யந்திரங்கள் இன்று நம் ஆலைகளுக்குள்ளே இருக்கின்றன. அவற்றின் மறதியைக் குறித்தும், அம்மறதியை முன்னறிந்து மனிதன் ஆற்றவேண்டிய கடமையைக் குறித்தும் எனது அபிப்பிராயத்தை இம்மலரின் வாயிலாக மாணாக்கர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணாக்கர்க்கும் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். திருவேங்கடத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் பயின்றவர். கரிசல் நிலமும் தீப்பெட்டித் தொழிலும் அவ்வூரார்க்குப் பழக்கமானவை. 2019-ஆம் ஆண்டில் திருநெல்வேலியினின்று பிரிக்கப்பெற்ற தென்காசி மாவட்டத்தில் அவ்வூர் இன்று ஒரு தாலுகாவின் தலைமையிடமாக விளங்குகின்றது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலைப் படியேறிய அவ்விளைஞர், படிப்பு முடிந்ததும் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு நூற்பாலையில் வேலைக்கு அமர்ந்தார். ஆலையின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை.

அவ்வாலையில், காற்றழுத்த யந்திரங்கள், ஈரப்பதம் காக்கும் யந்திரங்கள், மின்சார மீட்டர்கள் ஆகியவை யாவும் கம்பிகளால் பிணைக்கப்பட்டுக் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருந்தன. அப்பேச்சை உரிய இடத்திற்கு அனுப்பும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். வீட்டில் விளக்குப் போடும் சுவிட்சுக்கும் இதற்கும் பெயரொன்றே ஒப்புமை. ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் பேச்சு நில்லாதிருத்தற்பொருட்டு, அப்பெட்டிகளை ஒரு வளையமாகக் கோத்திருந்தனர். வளையமாகக் கோத்தால், செய்திகள் முடிவின்றிச் சுற்றிச் சுற்றி வந்து வழியையே அடைத்துவிடும். ஆதலின், பெட்டிகளுள் ஒன்றைக் காவலனாக நியமித்து, அது தன் வாயில்கள் இரண்டனுள் ஒன்றை அடைத்து வைக்குமாறு செய்வர். வேறிடத்தில் கம்பி அறுந்தால் மாத்திரம் அக்காவலன் அடைத்த வாயிலைத் திறக்கும்.

ஓர் இரவு அந்தக் காவற்பெட்டியே பழுதாயிற்று. நமது இளைஞர் வேறொரு பெட்டியைப் பொருத்தி, அதன் முகவரியையும், காவலன் என்னும் பதவியையும், 'செட்டிங்' என்று தொழிலாளர் வழங்கும் ஏனைய அமைப்புகளையும் கணிப்பொறியின் வாயிலாக இட்டார். யாவும் செவ்வனே இயங்கின. மேலாளர் தோளில் தட்டிக் கொடுத்தார். இளைஞரும் மனநிறைவோடு வீடு சென்றார்.

சில வாரங்களுக்குப் பின், ஒரு மாலை இடியும் மழையுமாய் மின்சாரம் நின்று, சிறிது நேரத்தில் மீண்டும் வந்தது. வந்தவுடன் ஆலை முழுவதும் ஊமையாயிற்று. காவற்பெட்டி தான் காவலன் என்பதையே மறந்துபோயிருந்தது. அடைத்திருக்க வேண்டிய வாயில் திறந்து கிடந்தது; செய்திகள் வளையத்தில் வெள்ளமாய்ச் சுற்றின. காரணம் இன்னதென்று அறிய அரை நாள் சென்றது. இளைஞர் அன்று விடுமுறையில் இருந்தார். அன்றைய முறையில் பொறுப்பு வகித்த முதியவரோ, யாவராலும் அண்ணாச்சி என்று அன்போடு அழைக்கப்படுபவர். இவ்விஷயத்தில் யாதொரு குற்றமும் செய்யாத அவர் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்பட்டார். மறுநாள் நமது இளைஞர் தாமே சென்று, பிழை தம்முடையதென்று ஒப்புக்கொண்டார். பெட்டியில் எழுதிய அமைப்புகளைச் 'சேவ்' செய்யாமலே அவர் வீடு சென்றிருந்தார். விடுபட்டது ஒரே ஒரு கட்டளை. "ஐயா, நூல் நஷ்டமானதை ஆலை தாங்கிக்கொள்ளும். அண்ணாச்சி ஒரு மாதம் என் முகத்தைப் பாராமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை" என்று அவர் என்னிடம் கூறியபோது, அவருக்குப் பாடம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கும் அப்பிழையில் பங்குண்டு என்றே உணர்ந்தேன்.

அக்கட்டளையின் பொருளைச் சிறிது விளக்குதல் நலம். இத்தகைய பெட்டிகளில் நினைவகங்கள் இரண்டு உள. 'ராம்' எனப்படும் முதலாவது, மின்சாரம் பாயும் வரையில் நினைவுடையது, விரைவு மிக்கது, யந்திரம் இயங்கும்போது நாம் இடும் அமைப்புகள் இங்கேயே முதலில் அமர்கின்றன. இரண்டாவது, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகம். யந்திரம் ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் இவ்விரண்டாவதைப் படித்தே தன் பெயரையும் தொழிலையும் தெரிந்துகொள்கின்றது. சிஸ்கோ கம்பெனியாரின் பெட்டிகளில் முதலாவதில் இருப்பதற்கு 'ரன்னிங் கான்பிக்' என்றும், இரண்டாவதில் இருப்பதற்கு 'ஸ்டார்ட்டப் கான்பிக்' என்றும் பெயர். முன்னதைப் பின்னதில் பெயர்த்தெழுதும் கட்டளையே நமது இளைஞர் மறந்தது. முன்னது கரும்பலகையில் எழுதியதை ஒக்கும். பின்னது பேரேட்டில் பதிந்ததை ஒக்கும்.

அழியா நினைவு என்பது மனிதர் எளிதில் அடைந்த பேறன்று. பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கி 1960-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 'டிப்ராக்' என்னும் கணிப்பொறியில், காந்தமாகும் சிறு வளையங்களைக் கம்பியில் கோத்து நினைவகம் செய்தனர். அதன் கொள்ளளவு 2,048 சொற்களே. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த தாவோன் காங், சைமன் சே என்னும் இருவர், மின்சாரம் கடவாத மெல்லிய சுவருக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி வைக்கும் உபாயத்தை வெளியிட்டனர். உள்ளே புகுத்தப்பட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரம் நின்ற பின்னும் பல்லாண்டுகள் அங்கேயே தங்கும். அவை உண்டா, இல்லையா என்பதே எழுத்து. அவ்வழியே சென்று, ஜப்பானில் தோஷிபா கம்பெனியைச் சேர்ந்த புஜியோ மசுவோகா 'பிளாஷ்' என்னும் நினைவகத்தை 1984-ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். இன்று நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசி முதல் ஆலையின் ஸ்விட்ச் வரையில் இம்முறையே ஆள்கின்றது.

இங்கே அறிவுள்ள மாணாக்கர் ஒரு கேள்வி கேட்பர். "அழியா நினைவகம் ஒன்று இருக்குமாயின், இட்ட அமைப்பை யந்திரம் தானே உடனுக்குடன் அதில் எழுதிக்கொள்ளலாகாதோ? மறதிக்கு இடம் வைத்தது அதனை அமைத்தோரின் குற்றமன்றோ?" என்பர். இது நேர்மையான கேள்வி. இதற்கு விடை கூறாமல் மாணாக்கரைக் குறை கூறுதல் தகாது.

விடை இரண்டு. முதலாவது, அம்மறதி ஒரு வகையில் யந்திரம் நமக்களிக்கும் மன்னிப்பாகும். தொலைவிலுள்ள ஒரு பெட்டியின் முகவரியைத் தவறாக மாற்றிவிட்டால், அக்கணமே அதனோடு நமக்குள்ள தொடர்பு அறுந்துபோகும். பிழை ராமில் மாத்திரம் இருக்குமாயின், பெட்டியை அணைத்துப் போட்டால் பழைய நிலை திரும்பும். அழியா நினைவகத்தில் எழுதிவிட்டாலோ பிழையும் அழியாததாகிவிடும். இதனாலன்றோ சீமென்ஸ் கம்பெனியார் தம் ஸ்கேலன்ஸ் பெட்டிகளில் இரண்டு முறைகளை வைத்துள்ளனர். ஒன்றில் மாற்றங்கள் சிறிது நேரத்தில் தாமே பதிவாகும். மற்றொன்று பரீட்சார்த்த முறை, அதில் மனிதன் கட்டளையிட்டாலன்றிப் பதிவாகா. ஜூனிப்பர் கம்பெனியாரின் பெட்டிகளிலோ, மாற்றத்தைச் செய்துவிட்டு, குறித்த காலத்திற்குள் அதனை மீண்டும் உறுதிசெய்யாவிடில் பழைய அமைப்புக்கே திரும்பும்படி கட்டளையிடலாம். காலத்தைக் குறிப்பிடாவிடில் அது 10 நிமிஷம்.

இரண்டாவது விடை, அழியா நினைவகத்திற்கும் ஆயுள் உண்டு என்பது. எலெக்ட்ரான்களைச் சுவர் கடந்து புகுத்துதலும் வெளியேற்றுதலும் அச்சுவரைச் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன. ஒரே இடத்தில் 100,000 முறை எழுதலாம் என்று உறுதி கூறப்பட்ட நினைவகத்தில், அறியாதான் ஒருவன் நொடிக்கு ஒரு முறை எழுதும்படி நிரல் அமைத்தால், ஏறக்குறைய 28 மணி நேரத்தில் அதன் ஆயுள் முடியும். இது வெறுங் கணக்கன்று. ஓயாமல் எழுதப்பட்டதால் பிளாஷ் நினைவகம் தேய்ந்துபோகின்றது என்ற காரணத்தால், 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனியார் ஏறத்தாழ 135,000 மோட்டார் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

ஆகவே, எதனை எப்பொழுது பதிவது என்னும் விவேகம் மனிதனிடம் விடப்பட்டிருக்கின்றது. அனைத்தையும் பதிவதும் விவேகமன்று. 'புரொபிநெட்' என்னும் ஆலைப் பிணைய முறை இதற்கு நல்ல உதாரணம். அம்முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் உண்டு. அதனை அழியா நினைவகத்தில் பதிந்தே தீரவேண்டும். முகவரியையோ, ஆளும் யந்திரம் அப்பெயரைக் கொண்டு கருவியைக் கண்டுபிடித்து, இயங்கத் தொடங்கும்போது வழங்கிக்கொள்ளும். பெயர் நிலையாக இருந்தால் முகவரி மீண்டும் கிடைக்கும். பெயரை மறந்த கருவியைத் தேடுவார் இலர்.

இனி, அழியா நினைவகத்தில் எழுதிவிட்டோம் என்று அமைந்திருத்தலும் போதாது. அதனை அழிப்போரும் உளர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் உக்ரேன் நாட்டில் மின்சாரம் பகிரும் மூன்று கம்பெனிகளின் கணிப்பொறிகளுக்குள் பகைவர் புகுந்து, சுமார் 225,000 வாடிக்கையாளரை இருளில் ஆழ்த்தினர். அத்தோடு நில்லாமல், துணைமின் நிலையங்களிலிருந்த தொடர்புப் பெட்டிகளின் அழியா நினைவகத்தில் பொருளற்ற எழுத்தை எழுதி அவற்றைப் பயனற்றவையாக்கினர். ஊழியர்கள் நேரிற் சென்று கையால் இயக்கியதால் சில மணி நேரத்தில் விளக்குகள் எரிந்தன. ஆனால் பாழான பெட்டிகள் மீளவில்லை. மீண்டும் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், வையாசாட் கம்பெனியாரின் துணைக்கோளோடு பேசும் பல்லாயிரம் மோடங்களின் பிளாஷ் நினைவகம் அவ்வாறே அழிக்கப்பட்டது. அதன் விளைவாக மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க இயலாமற்போயிற்று. காற்றாலைகள் நிறைந்த நம் தமிழ்நாட்டில், அதிலும் கணவாய்க் காற்றை நம்பியுள்ள இச்சீமையில் வாழும் நாம், அச்செய்தியை அயலூர்ச் செய்தியென்று ஒதுக்கிவிட இயலுமோ? பெட்டியில் பதிந்த அமைப்பின் பிரதியொன்று அப்பெட்டிக்கு வெளியே, நாளும் பெயரும் குறிக்கப்பட்டு, பத்திரமாக இருத்தல் வேண்டும் என்பதே இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்குக் கற்பிப்பது.

இதுவரை கூறியவற்றை ஒப்புக்கொள்வோருள்ளும் சிலர், "யு.பி.எஸ். இருக்கின்றதே, எங்கள் ஆலையில் மின்சாரம் நிற்பதே இல்லை" என்று அமைதி கொள்வர். அவர்களுடைய அமைதியே எனக்கு அச்சத்தைத் தருகின்றது. மின்கலம் பிழையைத் திருத்துவதில்லை, வெளிப்படாமல் ஒத்திப்போடுகின்றது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஆலையில் பதியாத அமைப்பு ஒரு வாரத்திற்குள் வெளிப்படும்; செய்தவரும் அருகிலேயே இருப்பார். மின்கலம் காக்கும் ஆலையிலோ அப்பிழை ஐந்தாண்டு உறங்கும். மின்கலம் மூப்படைந்து ஒரு நாள் கைவிடும்போது, செய்தவர் வேறூர் சென்றிருப்பார். அவர் எழுதியது இன்னதென்று அறிந்தவர் ஒருவரும் இரார். பிழை பழையது, பழி புதியவருக்கு.

இனி நான் சொல்லவந்த முடிவுக்கு வருகிறேன். இக்குறையின் வேர் ஆலையில் இல்லை. நமது ஆய்வுகூடங்களில் இருக்கின்றது என்பது எனது துணிபு. செய்முறைத் தேர்வில் நாம் யாது செய்கிறோம்? மாணாக்கர் பெட்டியை அமைக்கிறார். ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி செல்வதைக் காட்டுகிறார். தேர்வாளர் தலையசைத்து மதிப்பெண் இடுகிறார். விளக்கெரியும்போது இயங்கினால் போதும் என்று நாமே மூன்றாண்டுகள் கற்பித்துவிட்டு, விளக்கணைந்த பின் இயங்கவில்லையே என்று அவரைக் குறை கூறுவது நியாயமாகுமோ? ஆதலின், இத்துறையில் செய்முறைத் தேர்வு நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: மாணாக்கர் முடித்தேன் என்று கூறியவுடன், பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள், அது விழித்தெழுந்து தன் தொழிலைச் செய்வதைக் கண்ட பின்னரே மதிப்பெண் இடுங்கள்.

இதற்குக் காலம் போதாது என்பர். பெட்டி விழித்தெழச் சில நிமிஷங்களே வேண்டும். அந்நேரத்தில் மாணாக்கர் தாம் செய்ததை நோட்டுப்புத்தகத்தில் எழுதட்டும். அவ்வெழுத்தும் தேர்வின் ஒரு பகுதியாகட்டும். மதிப்பெண் குறையும் என்பர். முதலாண்டில் குறையலாம், குறைந்த மதிப்பெண்ணின் வலி, பலர் முன்னிலையில் ஒரு முதியவர் தலைகுனிந்து நின்ற வலியினும் சிறிது.

ஆலையை நடத்தும் நமது பழைய மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. ஓடும் ஆலையில் பெட்டியை அணைத்துப் பார் என்று நான் கூறவில்லை, அது விபரீதமாகும். ஆனால், வாரத்தில் யந்திரங்கள் ஓய்ந்திருக்கும் வேளையில் அனுமதியோடு அணைத்துச் சோதித்தற்குச் சிறிது காலம் ஒதுக்குங்கள். 'உடனே ஓட்டு, உடனே ஓட்டு' என்று அவசரப்படுத்தும் எசமானனின் கீழ், பதிவதற்கும் சோதிப்பதற்கும் தொழிலாளிக்கு நேரம் ஏது? பிழையை ஒப்புக்கொண்டு வருபவரைத் தண்டிக்கும் ஆலையில், அடுத்த பிழையை ஒருவரும் ஒப்புக்கொள்ளார் என்பதையும் நினைவில் வையுங்கள். நமது இளைஞரின் ஆலையார் அவரை வேலையினின்று நீக்கவில்லை. மாறாக, பெட்டிகளின் அமைப்புகளையெல்லாம் திரட்டிப் பேணும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தனர். இன்று அப்பேரேட்டில் அண்ணாச்சியின் கையொப்பமும் அவருடைய கையொப்பமும் அருகருகே இருக்கின்றன என்று அறிந்து மகிழ்கிறேன்.

தென்காசியில் 15-ஆம் நூற்றாண்டில் பெருங்கோயில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தான் கட்டியதைப் பிற்காலத்தில் பழுது பார்த்துக் காக்கப்போகும் மனிதரை, தான் காணாத அம்மனிதரை, வணங்கித் தன் வேண்டுகோளைக் கல்லில் வெட்டுவித்தான். பின்னர்ச் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற அதன் இராசகோபுரம் 1990-ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. அரசனுடைய படையும் செல்வமும் போயின. அவன் அடுத்து வருபவரை எண்ணி எழுதி வைத்தது நின்றது.

நாம் கோபுரம் கட்டுவோர் அல்லோம். சிறு பெட்டிகளை அமைப்போர். எனினும் நமக்குப் பின்னும் ஒருவர் வருவார். அவர் நள்ளிரவில், மழையில், கைவிளக்கோடு அப்பெட்டியின் முன் நிற்கக்கூடும். அவரை எண்ணி, மாணாக்கர்களே, 'முடிந்தது' என்னும் சொல்லைச் சிறிது தாமதித்துச் சொல்லுங்கள். பதிந்து, அணைத்து, மீண்டும் எழுந்ததைக் கண்டு, பிரதி எடுத்து வைத்த பின் சொல்லுங்கள்.